கடைசி நாலு அங்குலம்

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம்.
தரையிலிருந்து தண்டவாளத் தலைவரை மூன்றடி நாலங்குலம்.
முன்விளிம்பிலிருந்து ஐந்தங்குலம் தள்ளிப் பாதை.
இரு முனையிலும் கடைசி நாலு அங்குலம்
வளையக் கூடாது, ஏறக் கூடாது.
சட்டம் அவ்வளவுதான்.
நடுவில் உன் ஊரை நீ என்னவும் செய்துகொள்.

நான் பல்செட் செய்கிறவன், சாயிநாதபுரத்தில் லேப்.
மிஞ்சிய பிளாஸ்டரில் மலை வார்த்தேன்.
வேலூர் மலைக்கு மரம் ஒட்டும் சிரமமில்லை.
கடைவாய்ப் பல்லைத் தேய்க்கிற சக்கரத்தில்
தண்டவாளம் அறுத்தேன்;
கூசியது என் பல்.

பாலாறும் என் பங்கில் விழுந்தது.
தண்ணீர்போல் உறையும் பிசின்
குப்பி இரண்டாயிரம் என்றார்கள்.
மணல் சலித்துத் தூவினேன்.
பன்னிரண்டு தூண், அடியில் ஒரு லாரி.
தண்ணீர் எங்கே என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.

இம்தியாஸ் ஆம்பூர், ஷூ கம்பெனியில் கட்டிங்.
பாதைக்கு அடியில் கார்க்குக்குப் பதில்
உள்ளங்காலுக்குப் போக வேண்டிய ரப்பர்.
சத்தத்தைக் குடிக்கும் என்றான். குடித்தது.
பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர்
"கதவா, கட்டிலா?" என்றாராம்.
"ஸ்டேஷன்" என்றானாம் இவன்.
லக்கேஜ் டிக்கெட் இரண்டு கிழித்தாராம்.

செல்வாம்பிகை குடியாத்தம்,
தீப்பெட்டி ஆபீசில் கணக்கு.
மருந்து தோய்க்காத குச்சிகள் அவளுக்கு ஸ்லீப்பர் கட்டை.
நூற்று எழுபத்திரண்டு.
டீ டிகாஷனில் ஊறி, நிழலில் உலர்ந்து,
ஒரே நீளம், ஒரே இடைவெளி.
ஜல்லியை டீ வடிகட்டியில் சலித்து,
ஃபெவிகால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு,
அதில் ஒரு துளி ஷாம்பு.
இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது,
முத்து முத்தாய் மேலேயே உட்கார்ந்திருக்கும் என்பாள்.

மே மாத ஞாயிறு. காட்பாடியில்
ரயில் லைனை ஒட்டி, டயர் கடை மாடி.
கிளாம்ப் முறுக்கினோம்.
இம்தியாஸின் முனையும் என் முனையும்
சம்பந்திகள்போல் கை கொடுத்தன.
செல்வாம்பிகையின் முனை மட்டும்
நாலு மில்லிமீட்டர் கீழே.

அவள் இரண்டு தடவை அளந்தாள்.
"சரியாத்தானே இருக்கு" என்றாள், தனக்குள்.
ரெண்டு பேருடையது ஒட்டுதே, என்றான் இம்தியாஸ்.
ரெண்டு பேருடையது ஒட்டுதே, என்றேன் நானும்.
மேற்கொண்டு அவள் பேசவில்லை.
பையிலிருந்து குச்சிகளை எடுத்து,
காலுக்கு இரண்டாகத் தன் மேசைக்குத் தானே முட்டுக் கொடுத்தாள்.

ஓடியது.
சிவப்பு எஞ்சின், நாலு பெட்டி.
ஆம்பூர் பிரியாணிக் கடைப் பலகையைத் தாண்டி
பாலாற்று மணலைத் தாண்டி
அவள் கட்டைகளின் மேல் ஏறும் நேரம்
வெளியே நிஜமான கூட்ஸ் ஒன்று வந்தது.
ஐம்பத்தெட்டு வேகன், எண்ணினோம், வேறென்ன செய்வது.
மாடி நடுங்கியது, ஒரு குச்சி நழுவியது,
கடைசிப் பெட்டி குடியாத்தம் எல்லையில்
குப்புறக் கவிழ்ந்தது.
சிரித்தோம். அவளும்தான்.
மறுபடி குச்சி வைத்தாள்.

அன்றிரவு லேபில் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து
என் டேப்பின்மேல் வைத்துப் பார்த்தேன்.
மனைவி ஜாக்கெட் அளக்கிற டேப்.
எத்தனையோ தோளில் இழுபட்டு
மூன்றடி நாலங்குலத்துக்கு
நாலு மில்லிமீட்டர் நீண்டு கிடந்தது.
இம்தியாஸுக்கும் கால் அறுத்துக் கொடுத்தவன் நான்,
இதே டேப்பில்.

தப்பு இரண்டும் ஒன்றாய் இருந்ததால் ஒட்டியது.
சரியாய் இருந்த மேசைக்கு முட்டுக் கொடுத்தோம்.

இன்னும் சொல்லவில்லை.
டிசம்பரில் மறுபடி கூடுகிறோம்.
புதிதாக ராணிப்பேட்டை கிருபாகரன் வருகிறார்,
போனில் உயரம் கேட்டார்.
மூன்றடி நாலங்குலம் என்றேன்.
வைக்கப் போனவரை நிறுத்தி,
"கூட ரெண்டு தீக்குச்சி" என்றேன்.